ஹார்லியும் 3,40,000 டப்பாக்களும்

பைக்குக்கு எலெக்ட்ரானிக் ட்யூனர் மாட்டலாமா, மாட்டினால் எதை மாட்டுவது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பவர் கமாண்டர் வாங்கு என்பார் ஒருத்தர். அதெல்லாம் பழசு, ஈசியூவையே ஃபிளாஷ் பண்ணிவிடு என்பார் இன்னொருத்தர். எனக்கு இதற்கு முந்தைய கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. இவ்வளவு ஆராய்ச்சி பண்ணி இன்ஜின் செய்கிற கம்பெனி, அதை ஒழுங்காக ட்யூன் பண்ணியே விற்கக் கூடாதா? நாம் ஏன் தனியாகக் காசு கொடுத்து ஒரு டப்பா வாங்க வேண்டும்? விடை தேடிப் போனால் அமெரிக்காவில், ஹார்லி டேவிட்சன் கம்பெனி மாட்டிக்கொண்ட ஒரு வழக்கில் போய் நிற்கிறது.

முதலில் கொஞ்சம் இன்ஜின் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த அளவில் இருந்தால்தான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் புகையை நன்றாகச் சுத்தம் பண்ணும். ஆனால் இன்ஜினின் முழு இழுவை கிடைப்பது ஏறக்குறைய 13க்கு 1 என்ற அளவில், அதாவது பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகப் போகும்போது. பெட்ரோலைக் குறைத்துவிட்டால் (இதைத்தான் 'லீன்' என்கிறார்கள்) இன்ஜின் சூடேறும், ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் திக்கித் திணறும். புகைச் சட்டம் ஒரு பக்கம் இழுக்கிறது, ஓட்டுகிறவர் ஆசை இன்னொரு பக்கம் இழுக்கிறது. டப்பா பிறந்தது இந்த இழுபறியில்தான்.

அமெரிக்காவில் 1978லிருந்தே மோட்டார் சைக்கிள் புகைக்கு வரம்பு உண்டு. கார்புரேட்டர் காலத்தில் கம்பெனிகள் பெட்ரோலைச் சிக்கனமாக விடும் ஜெட்டுகளைப் போட்டு விற்றன. ஜெட் என்றால் பெரிய சமாச்சாரமில்லை, நடுவில் துளை போட்ட சின்னப் பித்தளைத் துண்டு. துளை பெரிசானால் பெட்ரோல் கூடும். மொன்டானா மாநிலத்தில் மார்க் டோபெக் ஆரம்பித்த டைனோஜெட் கம்பெனி, இந்த ஜெட்டுகளையும் ஊசிகளையும் ஒரு பாக்கெட்டில் போட்டு 'ஜெட் கிட்' என்று விற்றது. ஃபில்டர் மாற்றினாயா, சைலன்ஸர் மாற்றினாயா, அதற்கேற்ற கிட்டை எடு. அன்றைக்கு 'தேர்வு' என்பது அவ்வளவுதான்.

அப்புறம் இன்ஜெக்‌ஷன் வந்தது. 1980ல் கவாசாகி, 1983ல் பிஎம்டபிள்யூ கே100, 1995ல் ஹார்லியின் அல்ட்ரா கிளாசிக். ஜெட் இருந்த இடத்தில் இப்போது ஓர் அட்டவணை: இத்தனை ஆர்பிஎம், த்ராட்டில் இவ்வளவு திறந்திருக்கிறது, எனவே இன்ஜெக்டர் இத்தனை மில்லி செகண்ட் திறந்திருக்கட்டும். ஈசியூவுக்குள் இருக்கும் அந்த அட்டவணையை ஸ்க்ரூ டிரைவரால் என்ன பண்ண முடியும்?

ஜெட் விற்ற அதே டைனோஜெட்தான் 1990களின் பிற்பகுதியில் பவர் கமாண்டரைக் கொண்டு வந்தது. ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் புகுந்து, போகிற சிக்னலை நீட்டியோ குறுக்கியோ அனுப்புகிற டப்பா அது. ஈசியூவுக்குத் தெரியாமல் நடக்கிற வேலை. ஒயரைப் பிடுங்கிவிட்டால் பைக் பழையபடி ஆகிவிடும். வாரண்டிக்குப் பயப்படுகிறவர்கள் இதைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதும்.

ஆனால் சைலன்ஸர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் வந்ததும் ஆட்டம் மாறிவிட்டது. டப்பா கூட்டிவிட்ட பெட்ரோலை சென்சார் மோப்பம் பிடித்துச் சொல்ல, ஈசியூ அதைத் திரும்பக் குறைத்துவிடும். ஒன்று, சென்சாரை ஏமாற்ற வேண்டும். இல்லை, ஈசியூவின் அட்டவணையையே மாற்றி எழுத வேண்டும். இரண்டாவதுதான் ஃபிளாஷ். ஹார்லி தன் பங்குக்கு 'ஸ்க்ரீமின் ஈகிள் சூப்பர் ட்யூனர்' என்ற சொந்தச் சரக்கை விற்றது.

நான் காமர்ஸ் படிக்கிறவன், எனக்கு இந்த இடம்தான் சுவை! 2006ல் புகை வரம்பு இறுகியது. பெரிய பைக்குகள் கிலோமீட்டருக்கு ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்து 1.4 கிராமுக்கு மேல் விடக்கூடாது. 2010ல் அது 0.8. ஹார்லி பைக் இந்த வரம்பில் தேறிச் சான்றிதழ் வாங்குகிறது. பிறகு அந்தச் சான்றிதழுக்கு மேலே புகையை ஏற்றிவிடுகிற கருவியையும் அதே கம்பெனி, தன் டீலர்கள் மூலம் விற்கிறது. பூட்டும் அவர்களே, கள்ளச் சாவியும் அவர்களே, இரண்டுக்கும் தனித்தனி பில்!

2016 ஆகஸ்டில் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இபிஏ) பிடித்தது. ஃபோக்ஸ்வேகன் மோசடி வெளிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 2008லிருந்து சுமார் 3,40,000 ட்யூனர்கள் விற்றிருந்தார்கள். அவை ரேஸுக்கு மட்டும்தான் என்பது ஹார்லியின் பதில். மூன்று லட்சத்துச் சொச்சம் பேரும் ரேஸ் ஓட்டினார்களா என்ன? வெயிலில், டிராஃபிக்கில், தொடைக்குக் கீழே கொதிக்கும் வி-ட்வின் மேல் உட்கார்ந்திருக்கிறவருக்கு டப்பா தேவைப்பட்டது நிஜம், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு எரிச்சலையும் விற்று மருந்தையும் விற்றவர்களைத்தான் சொல்கிறேன்.

அபராதம் 1 கோடியே 20 லட்சம் டாலர். கேட்க மலைப்பாக இருக்கும். வகுத்துப் பாருங்கள், ஒரு டப்பாவுக்கு 35 டாலர் சொச்சம் வருகிறது. அதன் விற்பனை விலையோ இதைப்போலப் பல மடங்கு. டீலர்களிடம் மிச்சமிருந்தவற்றைத் திரும்ப வாங்கி அழிக்க வேண்டும், இனி அமெரிக்காவில் விற்கும் ட்யூனருக்கு கலிஃபோர்னியா காற்று வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றும் முடிவானது. பிறகு ஹார்லி கொண்டுவந்த 'ப்ரோ ஸ்ட்ரீட் ட்யூனர்' அந்த ஒப்புதலோடு வந்தது. மாற்றலாம், ஆனால் புகை வரம்புக்குள் மட்டும். ஆக, அங்கே ட்யூனர் வாங்கப் போகிறவர் பிராண்டுக்கும் பவருக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அந்த ஒப்புதல் எண்ணைத்தான்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வேடிக்கை. ஹார்லி கூடுதலாக 30 லட்சம் டாலர் போட்டு, வீடுகளில் இருக்கும் பழைய விறகு அடுப்புகளை மாற்றித் தர வேண்டும் என்று இருந்தது. பைக் விட்ட புகைக்கு அடுப்பில் பரிகாரம் :-) 2017 ஜூலையில், ஆட்சி மாறியபின், அமெரிக்க நீதித்துறை அந்த அடுப்புத் திட்டத்தை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த 30 லட்சம் ஹார்லியிடமே தங்கிவிட்டது.