தனியார்மயமும் தொழிற்சங்கத் தளர்வும்: மாத்தளை மாவட்டம் உணர்த்தும் பொருளியல் வரலாறு

ஒரு நாட்டின் தொழில்களை அரசு நடத்துதல் நன்றோ, தனியார் நடத்துதல் நன்றோ என்னும் வினா பொருளியலறிஞரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வாதத்துக்குரியது. உடைமை யாருக்கு என்பதையே இருதிறத்தாரும் முதன்மையாக நோக்குவர். ஆயின் உழைப்பவன் தன் கூலியைப் பற்றிப் பேசுதற்குரிய வலிமை யாண்டுளது என்னும் வினாவோ பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இவ்விரண்டாவது வினாவே முதலாவதினும் ஆழமானது என்பதை மாத்தளை மாவட்டத்தின் வரலாறு கொண்டு நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளை மாவட்டம் இருவேறு நிலங்களின் கூட்டாகும். தெற்கிலும் கிழக்கிலும் இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ முதலிய இடங்களைச் சூழ்ந்து தேயிலையும் இறப்பரும் வளரும் மலைச்சாரல் உண்டு. வடமேற்கிலோ குளத்துப் பாசனத்தை நம்பி நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் வரண்ட நிலம் விரிந்துளது. குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலை செல்லும் பெருவீதியில் அமைந்த கலேவெல இவ்வரண்ட நிலத்தின் முக்கிய நகர்களுள் ஒன்று. சிங்களரும் முஸ்லிம்களும் அங்குப் பெரும்பான்மையினர். தேவகுவைக் குளத்தை அண்டிய குடியேற்றம் அதன் அருகே உள்ளது. மலைச்சாரலின் தமிழ்த் தொழிலாளிக்கும் கலேவெலக் கிராமத்துச் சிங்கள, முஸ்லிம் உழைப்பாளிக்கும் மொழியும் வாழ்வும் வேறு. எனினும் சென்ற அரை நூற்றாண்டில் இருவரையும் தாக்கிய பொருளியல் மாற்றம் ஒன்றே.

சங்கங்களின் தோற்றம்

கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர், காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை தலையெடுத்தது. பெரியகங்காணியின் பற்றுக்கணக்கில் கட்டுண்டு கிடந்த இம்மக்களுக்கு, 1927 இன் குறைந்த கூலிச் சட்டமே அரசு அளித்த முதற் பெரும் பாதுகாப்பாயிற்று. கொழும்பில் ஏ. ஈ. குணசிங்க 1922 இல் தொழிலாளர் சங்கம் கண்டார். மலைநாட்டில் கோ. நடேசையர் 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1935 இல் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும், 1941 இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் இயற்றப்பெற்றன. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானமை, கூலிக்காகக் கேட்ட குரலின் விலை யாது என்பதைக் காட்டிற்று.

இந்திய காங்கிரசின் தொழிற்சங்கப் பிரிவு பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு எனப் பெயர் பெற்றது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களின் வாக்குரிமைக்கு அடிப்படையாக இருந்த குடியுரிமையையே பறித்துவிட்ட நிலையில், அவர்க்குப் பாராளுமன்றம் இல்லை, சங்கமே பாராளுமன்றம். சந்தாப் பணம் வாக்குச் சீட்டின் இடத்தைப் பெற்றது. எனவே இங்குச் சங்கம் என்பது சம்பளப் பேச்சுக்குரிய கருவி மட்டுமன்று. ஒரு மக்களினத்தின் முகமும் அதுவே என்க.

அரசே முதலாளியாதல்

1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார்க்குரிய காணிக்கு ஐம்பது ஏக்கர் வரம்பு விதித்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. சனவசம எனப்பட்ட மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும், அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றின் பொறுப்பை ஏற்றன. அந்நியக் கம்பனிகள் நீங்கியமை தேசியப் பெருமைக்குரியதே. ஆயினும் கண்டி, மாத்தளை மாவட்டங்களின் இடைநாட்டுத் தோட்டங்களில் பல துண்டாடப்பட்டபோது, அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையும் இருப்பிடமும் இழந்து வீதிக்கு வந்தனர். 1970 களின் நடுப்பகுதியிற் பசிக்கொடுமையும் அவர்களை வருத்திற்று. அரசுடைமை என்னும் சொல்லில் உழைப்பவனின் நலம் தானே அடங்கிவிடுவதில்லை என்பது அப்பொழுதே புலனாயிற்று.

இரு வேலைநிறுத்தங்கள்

1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுந்தது. அதனை எதிர்நோக்கிய சங்கங்களுக்கும் அரசுக்கும் 1980 யூலையில் நேரடி மோதல் நிகழ்ந்தது. சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கிய அரச ஊழியருள் ஏறத்தாழ நாற்பதினாயிரவர் வேலையிழந்தனர். அமெரிக்காவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பதினோராயிரவர்க்கு மேற்பட்டோரை அதிபர் ரேகன் நீக்கியது 1981 ஓகத்தில். அதற்கு ஓராண்டு முன்னரே சிறியதொரு தீவில் அதனினும் பெரிய நீக்கம் நடந்தேறிவிட்டது. நகர்ப்புறச் சங்கங்கள் அவ்வடியிலிருந்து முழுமையாக எழவில்லை.

மலைநாட்டிலோ இதற்கு மாறான காட்சி. 1984 ஏப்பிரலில் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் பயனாக ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்னும் நெறி நிலைபெற்றது. அப்போது சங்கத் தலைவரான சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரவையில் வீற்றிருந்தார். தொழிலாளர் அதே அரசின் தோட்டங்களில் வேலையை நிறுத்தினர். அவ்வாண்டு மார்ச்சில் தொடங்கிய பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் போராட்டம் ஓராண்டின் பின் தோல்வியுற்றது என்பதையும் இங்கு ஒப்பு நோக்குக. மலைநாட்டுத் தொழிலாளரின் வெற்றிக்குக் காரணங்கள் மூன்று. சங்கம் கூட்டமாகத் திரண்டிருந்தது. தேயிலை அந்நியச் செலாவணிக்கு உயிராயிருந்தது. முதலாளி அரசாதலின் அரசியற் பேச்சு கூலிப் பேச்சாக மாற வழியிருந்தது. இம்மூன்றாவது காரணமே பின்னர் பலவீனமுமாயிற்று. அரசியலால் பெற்ற வலிமை, முதலாளி மாறியதும் குறைந்தது.

தோட்டங்கள் கைமாறிய முறை

இரு கூட்டுத்தாபனங்களும் பெருநட்டத்தில் மூழ்கின. பொதுக் கூட்டுத்தாபனங்களைக் கம்பனிகளாக மாற்றுதற்குரிய சட்டம் 1987 இல் நிறைவேறிற்று. 1992 இல் அரசுத் தோட்டங்களுட் பெரும்பாலானவை இருபத்திரண்டு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாக வகுக்கப்பட்டு, தனியார் முகாமையிடம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைக்கப்பட்டன. ஐந்தாண்டே பொறுப்பு வகிப்போன் பல்லாண்டு கழித்துப் பலன் தரும் மறுநடுகையில் முதலிடுவானா? இக்குறையை நீக்குமுகமாக 1995 முதல் கம்பனிகளின் ஐம்பத்தொரு சதவீதப் பங்குகள் விற்கப்பட்டன. தொழிலாளர்க்குப் பத்துச் சதவீதம் இலவசமாக வழங்கப்பெற்றது. நிலம் அரசினதே, குத்தகைக் காலம் ஐம்பத்துமூன்று ஆண்டு, அதாவது 2045 வரை.

இம்மாற்றத்தின் நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. திறைசேரியின் சுமை குறைந்தது. தொழிற்சாலைகள் சில புதுப்பிக்கப்பட்டன. ஆயினும் தொழிலாளர் தொகை வேகமாகத் தேய்ந்தது. 1992 இல் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த கம்பனித் தொழிலாளர், இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவர். இளைஞர் கொழும்புக் கடைகளையும், யுவதிகள் ஆடைத் தொழிற்சாலைகளையும் மத்திய கிழக்கையும் நாடினர். நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு இப்போது சிறுதோட்டக்காரரிடமிருந்தே வருகின்றது. தொகை குறையச் சந்தா குறையும். சந்தா குறையச் சங்கத்தின் குரலும் குறையும் என்பது இயல்பே.

கூட்டு ஒப்பந்தத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

தனியார் முகாமையின் கீழ்ச் சம்பளம், முதலாளிமார் சம்மேளனத்துக்கும் மூன்று பெருஞ்சங்க அமைப்புகளுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தால் பெரும்பாலும் ஈராண்டுக்கொருமுறை தீர்மானிக்கப்பட்டது. தோற்றத்தில் இது சங்கங்களுக்குக் கிடைத்த சிறப்பே. உள்ளீட்டில் வேறு கதை உண்டு. 2016 ஒப்பந்தம் நாளொன்றுக்கு 730 ரூபா எனப் பேசப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவே. வரவுக்கான 60 ரூபா வேண்டின் வேலை நாட்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வரவேண்டும். உற்பத்திக்கான 140 ரூபாவோ பறிக்கும் கொழுந்தின் நிறையைச் சார்ந்தது. மழையிலும் நோயிலும் நின்றவளுக்கு 730 என்பது எழுத்தில் மட்டுமே இருந்தது. 2019 இல் அடிப்படை 700 ஆக உயர்ந்தபோது, வரவுக்கும் உற்பத்திக்குமான மேற்கொடுப்பனவுகள் நீக்கப்பட்டு மொத்தம் 750 ரூபா ஆயிற்று.

ஆயிரம் ரூபாக் கோரிக்கை பேச்சுமேசையில் வெல்லவில்லை. 2021 மார்ச்சில் சம்பளச் சபை வர்த்தமானி மூலம் அது விதிக்கப்பட்டது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. 2024 இல் 1,700 ரூபா அறிவிப்பு நீதிமன்றத்தில் தடைப்பட, செப்டெம்பரில் 1,350 ரூபா வர்த்தமானியில் வந்தது. இதன் பொருள் யாது? கூலி பேசும் இடம் தோட்டத்திலிருந்து அமைச்சுக்கும் நீதிமன்றத்துக்கும் பெயர்ந்துவிட்டது என்பதே. தேர்தற் காலத்தில் ஏறும் கூலி, தேர்தல் கழிந்தபின் விலைவாசியால் உண்ணப்படும்.

சங்கங்களின் தளர்வுக்கு முதலாளிகளை மட்டும் குறைகூறல் பொருந்தாது. எழுவர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்பது 1935 சட்டத்தின் விதி. கைத்தொழிற் பிணக்குச் சட்டத்தின் 1999 ஆம் ஆண்டுத் திருத்தமோ நூற்றுக்கு நாற்பது அங்கத்தவரைக் கொண்ட சங்கத்தோடேயே முதலாளி பேசக் கடமைப்பட்டவன் என்கின்றது. பிரிவது எளிது, பேசுவது அரிது. கட்சிக்கொரு சங்கம், தலைவருக்கொரு சங்கம் எனப் பிளந்தவர்கள் இவ்விரு விதிகளுக்கிடையே தாமே அகப்பட்டுக்கொண்டனர்.

கலேவெல வீதியில்

இனிக் கலேவெலவை நோக்குவோம். 1958 சனவரி முதலாம் நாள் பேருந்துச் சேவை நாட்டுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. 1979 இல் தனியார் பேருந்துகளுக்கு மீண்டும் வழி விடப்பட்டது; 1990 களின் தொடக்கத்தில் அரச சாலைகள் மக்கள்மயம் என்ற பெயரிற் கம்பனிகளாயின; 2005 இல் அவை மீளவும் ஒரு சபையின் கீழ் வந்தன. இன்று குருநாகல் வீதியில் முன்னும் பின்னுமாக ஓடும் இரு பேருந்துகளில், ஒன்றின் சாரதிக்கு மாதச் சம்பளமும் சேமலாப நிதியும் சங்கமும் உண்டு. மற்றதன் சாரதியும் நடத்துநரும் பெரும்பாலும் அன்றாட வசூலை நம்பியே வாழ்வோர். பயணிகளுக்காகப் பேருந்துகள் ஒன்றையொன்று முந்தியோடுதலை ஓட்டுநரின் ஒழுக்கக்கேடு என்பர் சிலர்; அது கூலி அமைப்பின் விளைவு என்பதே பொருந்தும். மலைச்சாரலில் கொழுந்தின் நிறைக்கும், வரண்ட நிலத்து வீதியில் வசூலின் தொகைக்கும் மனிதன் கட்டுண்டமை ஒரே நோயின் இரு குறிகள்.

அரசுடைமை எஞ்சிய இடத்தில்

மாத்தளையில் எல்லாத் தோட்டங்களும் தனியார்க்குச் செல்லவில்லை என்பதே இவ்வாராய்ச்சிக்குப் பேருதவி. சனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் இடைநாட்டில் சில தோட்டங்களை வைத்துக்கொண்டன. எல்கடுவப் பெருந்தோட்டக் கம்பனியும் அரசின் வசமிருந்தது. அங்குத் தொழிலாளர் செழித்தனரா? இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்தவேண்டிய பணத்தைப் பல்லாண்டு செலுத்தாது நிலுவை வைத்த நிறுவனங்களுள் இவையும் அடங்கும். ஆயுள் முழுதும் உழைத்து ஓய்வு பெற்றவர் தம் உரிமைப் பணத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது. தனியார் தோட்டத்தில் கூலி அளவில் குறைந்தது. அரசுத் தோட்டத்தில் சேமிப்பு கைக்கு எட்டாது போயிற்று. இரண்டிலும் தட்டிக்கேட்கும் ஆற்றலே இல்லாமற் போயிற்று.

முடிவு

கம்பனிகள் இப்போது தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்தளித்து, கொழுந்தைக் கிலோக்கணக்கில் வாங்கும் முறையை முன்மொழிகின்றன. நிலத்தில் உறுதியான உரிமையும் விலையில் நியாயமும் சேரின் இது விடுதலைக்கு வழியாகலாம். அவை இன்றேல் தொழிலாளி என்ற பெயரும், அதனோடு சேமலாப நிதியும் சங்கமும் ஒருங்கே நீங்கிவிடும். 2045 இல் குத்தகை முடியுமுன் அரசும் கம்பனியும் பேசத்தான் போகின்றன. அம்மேசையில் மூன்றாவது ஆசனம் ஒன்று இருக்குமா என்பதே இன்று எழும் வினா.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் மாசி மகத்தில் வீதிக்கு வரும். அவற்றை அமைத்தவரும் அலங்கரித்தவரும் எவராயினும், வடத்திற் பல கைகள் பொருந்தாவிடின் தேர் நகராது. தேர் யாருடையது என்பதைப் பற்றி நாம் நெடுநாள் வாதிட்டோம். வடத்தைப் பற்றிய கைகள் ஏன் தளர்ந்தன என ஆராய்வதே இனிவரும் மாணவர்க்குரிய பணியாகும்.