மன்னார்த் தொகுதி: ஓர் ஆசனத்தின் கதை

ஒன்பதாம் வகுப்புக்குக் குடியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை எழுந்து கேட்டது: "சேர், மன்னாருக்கு எத்தனை எம்.பி.?"

"ஒருவரும் இல்லை" என்றேன். வகுப்பு சிரித்தது. நான் பகிடிக்குச் சொல்லவில்லை. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனங்கள் உண்டு. அதில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் அடங்கும். மன்னாருக்கென்று தனியே ஓர் ஆசனம் 1947 முதல் 1989 வரைதான் இருந்தது. அந்த ஆசனத்தைப் பற்றி எங்கள் வீடுகளில் சொல்லப்படும் கதைகளும் எழுத்தில் இருக்கும் வரலாறும் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதில்லை. அந்த இடைவெளியைப் பற்றி எழுத வேண்டுமென்று பல நாளாக நினைத்திருந்தேன்.

டொனமூர் காலத்தில், 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபோது, மன்னார் தனித்து நிற்கவில்லை. மன்னார்-முல்லைத்தீவு என்று ஒரே தொகுதி. மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல்வரை ஒரு பிரதிநிதி. சோல்பரி அரசியல் திட்டந்தான் மன்னாரைப் பிரித்தது. அதன் கணக்கு இரண்டு வகையானது. 75,000 பேருக்கு ஓர் ஆசனம். அதற்கு மேல் 1,000 சதுரமைல் நிலத்துக்கு ஓர் ஆசனம். இப்படி நாடு முழுவதும் 70 ஆசனங்கள் சனத்தொகைக்கும் 25 ஆசனங்கள் நிலப்பரப்புக்கும் கிடைத்தன. வட மாகாணத்துக்கு வந்தவை ஒன்பது. தலையை மட்டும் எண்ணியிருந்தால் மன்னாருக்குத் தனி ஆசனம் கிடைத்திருக்க வாய்ப்பேயில்லை. எங்கள் காடும் களப்பும் கட்டுக்கரைக்குளத்து வயல்வெளியும் வாங்கித்தந்த ஆசனம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு.

தலைமன்னாரிலிருந்து தெற்கே மறிச்சுக்கட்டி வரை நீண்ட இந்தத் தொகுதியில் பேசாலையும் தாழ்வுபாடும் கத்தோலிக்கக் கரைகள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, முசலிப் பக்கத்து ஊர்கள் நம்மவர் வாழ்ந்தவை. மாந்தைப் பக்கம் திருக்கேதீஸ்வரம், உள்ளே மடு. எந்த ஒரு கூட்டமும் தன் ஆட்களின் வாக்கை மட்டும் நம்பி நிம்மதியாக உறங்க முடியாத தொகுதி இது. யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தொகுதிகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுவே என்பது என் எண்ணம்.

1947இல் முதலில் வென்றவர் சி. சிற்றம்பலம். சிவில் சேவையில் இருந்தவர். கட்சி எதிலும் சேராமல் சுயேச்சையாக நின்று வென்று, டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் தபால், தந்தித் தொடர்பு அமைச்சரானார். பக்கத்து வவுனியாவில் வென்ற சி. சுந்தரலிங்கமும் அவ்வாறே அமைச்சரானவர். வன்னியின் இரண்டு சுயேச்சைகளும் அமைச்சர்கள்! இன்று அதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

பிறகு வந்தது அழகக்கோன் காலம். 1956இல் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் வென்ற வி.ஏ. அழகக்கோன், 1960இன் இரண்டு தேர்தல்களிலும் 1965, 1970 தேர்தல்களிலும் ஆசனத்தைக் காத்தார். என் மூத்தவாப்பா வீட்டுக்குத்தான் வாக்களித்ததாகச் சொல்லுவார். அவருடைய தம்பி ஆனைக்கு. இருவரும் ஒரே தோணியில் தொழிலுக்குப் போனவர்கள். தேர்தல் மாதத்தில் மட்டும் கடலில் பேச்சு இராதாம்.

அழகக்கோன் காலமானபின் 1974இல் இடைத்தேர்தல் வந்தது. ஐக்கிய தேசியக் கட்சியின் எஸ்.ஏ. ரகீம் வென்றார். மன்னாரின் தனி ஆசனத்தில் அமர்ந்த ஒரே முஸ்லிம் அவர்தான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதை 'நாங்க வென்ற எலக்சன்' என்றே சொல்வார்கள். தமிழ் நண்பர்களோ, முஸ்லிம்கள் பிரிந்துபோய்ச் சிங்களக் கட்சிக்கு ஆசனத்தைத் தூக்கிக் கொடுத்த தேர்தல் என்பார்கள். ஒரே நிகழ்ச்சி; ஒரு பக்கம் பெருமை, மறுபக்கம் மனக்குறை.

இரண்டு கதைகளும் ஓர் எளிய கூட்டல் கணக்கைக் கவனிக்கவில்லை. 1981 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் மொத்த மக்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். அதில் முஸ்லிம்கள் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எழுபதுகளிலும் நிலைமை பெரிதும் வேறாக இருந்திருக்காது. நம்மவர் ஒருவர் விடாமல் போய் ஆனைக்குப் புள்ளடி போட்டிருந்தாலும் அது மட்டும் வெற்றிக்குப் போதாது. ரகீமுக்கு வேறு கைகளும் புள்ளடி போட்டிருக்கின்றன. கத்தோலிக்கக் கரையிலா, வயற்பக்கத்திலா, மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் மத்தியிலா என்பதை வாக்குப்பெட்டி சொல்லாது. ஆனால் கைகள் இருந்தன. 'நாங்க வென்றோம்' என்ற சொல்லிலுள்ள 'நாங்க' நாம் எண்ணுவதைவிடப் பெரியது. 'அவர்கள் பிரிந்தார்கள்' என்ற குற்றச்சாட்டில் உள்ள 'அவர்கள்' முஸ்லிம்கள் மட்டுமல்லர். அப்படியே அழகக்கோனின் வெற்றிகளிலும் என் மூத்தவாப்பாவைப் போன்றவர்களின் புள்ளடிகள் இருந்தன.

1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி வடக்கின் பதினான்கு ஆசனங்களையும் உதயசூரியன் சின்னத்தில் அள்ளியது. மன்னாரில் வென்றவர் பி.எஸ். சூசைதாசன். குடாநாட்டில் விழுந்தது போன்ற வாக்குமலை இங்கே விழவில்லை. அடுத்த தேர்தல் நடக்கவேயில்லை. 1982 டிசம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பு பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டிற்று. 1983 ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தத்தின்படி சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். மன்னார் ஆசனம் ஆளில்லாமற் கிடந்தது. 1989இல் விகிதாசார முறையில் தேர்தல் வந்தபோது அந்த ஆசனமே இல்லை. மன்னார் வன்னியின் ஒரு வாக்கெடுப்புப் பிரிவாகியிருந்தது.

விகிதாசாரத்தில் நமக்கு நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். முஸ்லிம் காங்கிரஸ் வளர்ந்ததும், தாராபுரத்து ரிஷாட் பதியுதீன் 2001இல் பாராளுமன்றம் போனதும் அந்த முறையால்தான். ஆனால் பேசாலைக்காரரின் வாசலில் போய் நிற்கவேண்டிய தேவை எருக்கலம்பிட்டி வேட்பாளருக்குக் குறைந்துவிட்டது. பேசாலை வேட்பாளருக்கும் அப்படியே. தன் ஆட்களின் விருப்பு வாக்கு இருந்தால் போதும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். தோணியில் கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. உம்மா மடியில் வைத்திருந்த பொதிக்குள் உடுப்போடு ஒரு பழைய வாக்காளர் அட்டையும் இருந்தது. ஏன் அதை எடுத்துவந்தார் என்று பின்னாளில் கேட்டேன். "நம்ம ஊர் பேர் அதிலதானே இருந்திச்சு" என்றார்.

அதன்பிறகு எங்கள் தேர்தல் வரலாறு வேட்பாளர்களின் வரலாறாக இல்லாமல் இடாப்பின் வரலாறாக மாறியது. புத்தளத்தில் பதிந்தால் மன்னாரில் காணியில்லாதவன் ஆகிவிடுவேனோ என்ற பயம். மன்னாரில் பதிந்தால் புத்தளத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கேட்கும்போது சங்கடம். ஆசிரியர் கலாசாலை முடித்து வந்த ஆண்டில் ஒரு அலுவலகத்தில் "நீங்க அந்தப் பக்கம்" என்றார்கள். அந்தப் பக்கம் போனால் "நீங்க இந்தப் பக்கந்தானே" என்றார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் நான் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை. இடம்பெயர்ந்தோர் சொந்த இடத்து இடாப்பில் பதிய வழிசெய்யும் விசேட ஏற்பாடுகள் சட்டம் 2013இல்தான் வந்தது. 2019 நவம்பர் 16இல், சனாதிபதித் தேர்தலுக்காகப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்காளர்களை ஏற்றிவந்த பஸ்கள் தந்திரிமலையில் சுடப்பட்டன, கல்லெறியும் விழுந்தது. நல்லவேளை, ஆட்களுக்குச் சேதமில்லை. திரும்பிப் போகாமல் வந்து வாக்களித்தார்கள்.

நான் ஊருக்குத் திரும்பி இங்கேயே படிப்பிக்கிறேன். மனைவியும் மகளும் புத்தளத்தில். மகளுக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது. இடாப்புப் படிவம் வந்தபோது விடுமுறையில் அங்கே இருந்தேன். பேனாவை எடுத்து எருக்கலம்பிட்டி விலாசத்தை எழுதப்போனேன்.

"வாப்பா, நான் பொறந்து படிச்சது எல்லாம் இங்க. அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்றாள்.

மகளோடு வாதாடவில்லை. புத்தளத்து விலாசத்தையே எழுதிக் கொடுத்தேன்.