ஹெலிகேம்

ஹெலிகேம் என்பது ரேடியோவால் இயக்கப்படும் சிறிய ஹெலிகாப்டரில் கேமராவைப் பொருத்தி வான்படம் எடுக்கும் கருவி. மதுரை மாவட்டத்தின் சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் கல்யாண ஆல்பத்துக்குப் பேசும்போது 'ஹெலிகேம் உண்டுல்ல?' என்று கேட்டால், இன்று வந்து இறங்குவது நான்கு விசிறி வைத்த ட்ரோன்தான். அதற்கு முந்திய ஒற்றை ரோட்டர் ஹெலிகாப்டரும், கடையில் வாங்கிய ஒன்றை வான்படத்துக்குத் தோதாக மாற்றும் வேலையும் இங்கே சொல்லப்படுகின்றன.

ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர் 1970 வாக்கில் நம்பிப் பறக்கவிடக்கூடிய மாதிரி ஹெலிகாப்டரை உருவாக்கினார். அத்தகைய ஹெலிகாப்டர் ஒன்றில் ரோலை கேமராவை ஏற்றி, அளவெடுப்பதற்கான படங்களை எடுத்த முறையை 1980இல் வெஸ்டர்-எபிங்ஹாஸ் வெளியிட்டார். அந்த ஹெலிகாப்டர்கள் எஞ்சினில் ஓடிய பெரிய இயந்திரங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் மலிந்த 2000களில்தான் '450' என்னும் அளவு தனியாள் கைக்கு எட்டியது. 325 மி.மீ. நீளமுள்ள இரண்டு பிளேடு, ஒரு கிலோவுக்குள் எடை, ஏழெட்டு நிமிடப் பறப்பு. இதற்கும் சிறிய பொம்மை ஹெலிகாப்டர்கள் சாவிக்கொத்து அளவுள்ள கேமராவைத்தான் தூக்கும். காற்று சற்றே வீசினாலும் அவை வயலைத் தாண்டிப் போய்விடும்.

அதிர்வு

கேமராவைக் கட்டித் தொங்கவிடுவது பத்து நிமிட வேலை. மீதி உழைப்பெல்லாம் அதிர்வோடுதான். ரோட்டர் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுழன்றால், எடை சமமில்லாத பிளேடு உடலை நொடிக்கு 40 முறை உலுக்கும். இரண்டு பிளேடுகளும் காற்றை வெட்டுவதால் 80 முறை என்ற இன்னொரு அதிர்வும் சேரும். வால் ரோட்டர் அதைவிட நாலைந்து மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதன் நடுக்கம் வேறு. மலிவான கேமராவின் சென்சார் ஒரு காட்சியை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. அது படித்து முடிப்பதற்குள் கேமரா நகர்ந்துவிடுவதால் நேராக நிற்கும் தென்னை படத்தில் நெளிகிறது. பறக்கவிடுபவர்கள் இதை 'ஜெல்லோ' என்பார்கள்.

ரப்பரையும் ஸ்பாஞ்சையும் தேடுவதற்கு முன் அதிர்வு பிறக்கும் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். பிளேடுகளை எதிரெதிராகக் கோத்துத் தொங்கவிட்டு, மேலே நிற்கும் பிளேடின் நுனியில் மெல்லிய ஒட்டுநாடாவைச் சுற்றி எடையைச் சமமாக்கலாம். அடுத்து, ஒரு பிளேடின் நுனியில் மட்டும் நிற நாடாவை ஒட்டி, கண் உயரத்தில் ஹோவர் செய்து, அதாவது ஒரே இடத்தில் மிதக்கவிட்டு, தள்ளி நின்று பார்க்க வேண்டும். சுழலும் தட்டு ஒரே கோடாகத் தெரியாமல் இரண்டாகத் தெரிந்தால், மேலே ஓடும் பிளேடின் இணைப்புக் கம்பியை அரைச் சுற்று திருகித் தாழ்த்த வேண்டும். ஒருமுறை தரையில் மோதிய ஹெலிகாப்டரின் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பார்ப்பது கட்டாயம். கண்ணுக்குத் தெரியாத வளைவு அங்கே தட்டிக் காட்டிக்கொடுக்கும். 'படம் ஆடுகிறது' என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த மூன்றிலேயே தீர்ந்துவிடும்.

அதன் பிறகுதான் ரப்பர். இங்கே பலர் சறுக்குவதுண்டு. கேமராவைத் தாங்கி ரப்பரில் நிற்கும் தட்டு இயல்பாக ஆடும் வேகம், வரும் அதிர்வின் வேகத்தைவிட நன்றாகக் குறைந்திருந்தால் மட்டுமே அதிர்வு தடுக்கப்படும். இல்லையென்றால் ரப்பர் அதிர்வைக் கூட்டிக்கூடக் கொடுக்கும். தட்டு மெதுவாக ஆட வேண்டுமானால் ரப்பர் இளகியதாகவும் தட்டு கனமாகவும் இருக்க வேண்டும். இருபது கிராம் கேமராவுக்கு அந்தக் கனம் கிடையாது. அதற்காக ஈயக் கட்டியை ஏற்றினால் ஹெலிகாப்டர் தூக்காது. எப்படியும் சுமந்தாக வேண்டிய பேட்டரியையே கேமராவோடு ஒரே தட்டில் வைத்துவிடுவது நல்ல உபாயம். 450இன் பேட்டரி ஏறக்குறைய 180 கிராம். கூடுதல் சுமை இல்லாமலேயே தட்டுக்குக் கனம் சேர்ந்துவிடும். பேட்டரி ஒயரை மட்டும் விறைப்பாக இழுத்துக் கட்டக் கூடாது. அதன் வழியாகவே அதிர்வு ஏறிவிடும்.

இந்தத் தட்டை உடலுக்கு அடியில், கேமரா முன்னும் பேட்டரி பின்னுமாக அமைத்தால் எடையின் மையம் ரோட்டர் அச்சுக்கு நேர்கீழே வரும். ரோட்டர் தலையை இரு விரலால் பிடித்துத் தூக்கினால் மூக்கும் வாலும் சமமாகத் தொங்க வேண்டும். தட்டுக்கு இடம் வேண்டுமென்பதால் கீழ்க்கால்களை உயரமானவையாக மாற்ற வேண்டியிருக்கும். முன்னோக்கிப் பறக்கையில் ஹெலிகாப்டர் மூக்கைத் தாழ்த்தும்போது பிளேடு காட்சிக்குள் வராதிருக்க, கேமராவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ப்பது வழக்கம்.

எடைக் கணக்கில் தயவு கிடையாது. எடை 20 விழுக்காடு கூடினால், ஹோவரில் நிற்கத் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ 30 விழுக்காடு கூடும். ஏழு நிமிடம் பறந்தது ஐந்தரைக்கு இறங்கும்.

சோழவந்தான் வட்டாரத்தில்

வெயிலும் ஒரு சுமைதான். 40 டிகிரி வெப்பத்தில் காற்று, 15 டிகிரியில் இருப்பதைவிட சுமார் 8 விழுக்காடு லேசானது என்பதால் பிளேடு தூக்குவது குறையும். ஆடிக்காற்று நாட்களில் விடிந்த ஒரு மணி நேரத்தை விட்டால் 450 நிலையாக நிற்பது கஷ்டம். வைகை மணலில் இறக்கினால் பிளேடு கிளப்பும் தூசி, பிளேடின் கோணத்தை மாற்றும் சர்வோவின் பற்சக்கரங்களுக்குள் புகும். தார்ப்பாய் விரித்தோ, சாக்கை நனைத்துப் போட்டோ இறக்குவது நல்லது.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையின் கொடிக்கால்களை மேலிருந்து எடுத்தால் வெற்றிலை அதிகம் தெரியாது. நிழலுக்கு நட்ட அகத்தியின் தலைகள்தான் தெரியும். அகத்தி பட்டுப்போன திட்டுகளும் வாய்க்கால் போகும் வழியும் மட்டும் தெளிவாக விழும். விவசாயிக்கு அதுவும் உதவக்கூடிய படமே. சித்ரா பௌர்ணமியன்று சோழவந்தான் கோயிலின் ஜெனக நாராயணப் பெருமாள் கள்ளழகர் கோலத்தில் வைகையில் இறங்கும்போது கூடும் கூட்டத்தின் மேல் ஹெலிகேமைப் பறக்கவிடுவது வேறு விஷயம். பிளேடின் நுனி மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டிச் சுழல்கிறது. கூட்டத்துக்கு மேல் இது கூடவே கூடாது.

மதுரை மாவட்டத்தில் வான்படம் பெரிதாகப் பேசப்பட்டது கல்யாணத்தால் அல்ல. 2012இல் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரி முறைகேடு வெடித்தபோது, குவாரிகளை அளக்க அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான ஆளில்லா வானூர்தி பயன்படுத்தப்பட்டது. அதே வளாகத்தின் 'தக்‌ஷா' ட்ரோன் அணிக்கு 2018இல் ஆலோசகரானார் ரேடியோவால் இயக்கப்படும் விமானங்களில் ஈடுபாடு கொண்ட நடிகர் அஜித்குமார்.

ஹெலிகாப்டர்களுக்கான கட்டுப்பாட்டுக் கருவி செய்து தொடங்கிய சீனாவின் டி.ஜே.ஐ. நிறுவனம், 2013இல் ஃபாண்டம் என்ற நான்கு விசிறி ட்ரோனை வெளியிட்டது. அதில் கோணம் மாறும் பிளேடோ பராமரிக்க வேண்டிய இணைப்புக் கம்பிகளோ இல்லை. கற்றுக்கொள்ள மாதக்கணக்கும் ஆகவில்லை. ஹெலிகேம் வைத்திருந்தவர்கள் மாறியதில் வியப்பில்லை.

இந்தியாவில் ட்ரோன் பறக்கவிட 2014 அக்டோபரில் விதிக்கப்பட்ட தடை 2018 டிசம்பரில் தளர்ந்தது. இப்போது நடப்பில் இருப்பவை 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளும் அவற்றின் திருத்தங்களும். பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம்வரை முன்அனுமதி வேண்டாம். ஓர் இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு கிலோவுக்கு உட்பட்டதைப் பொழுதுபோக்காகப் பறக்கவிட விமானிச் சான்றிதழ் தேவையில்லை. கூலிக்குப் படமெடுத்தால் அந்தச் சலுகை கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஹெலிகாப்டரை நான்கு விசிறியால் மிஞ்ச முடியவில்லை. பறக்கும்போது மோட்டார் நின்றால் ட்ரோன் கல்லாக விழும். ஹெலிகாப்டரில் பிளேடின் கோணத்தை உடனே குறைத்தால், கீழிருந்து ஏறும் காற்றே ரோட்டரைச் சுழற்றும். தரை நெருங்கும்போது கோணத்தைக் கூட்டி மெல்ல இறக்கிவிடலாம். 450இன் பிளேடுகள் லேசானவை, சுழற்சியை அதிக நேரம் தேக்கி வைக்காதவை. அதனால் இப்படி இறக்கப் பழகுபவர்கள் அதைவிடப் பெரிய 600 வகுப்பு ஹெலிகாப்டரிலேயே பெரும்பாலும் தொடங்குகிறார்கள்.