நான்கெல்லையும் நம் மனையும்

நிலம் வாய் திறந்து பேசாது. அதற்காக அதன் பத்திரமே பேசும். அப்பத்திரம் இருவகைச் செய்திகளைக் கூறும். இந்நிலம் எது என்பது ஒன்று; இதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தமிழர் பண்டே வகுத்து எழுதினர்.

முதலாம் இராசராசன் ஏறத்தாழ 1006ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை வழங்கினான். அதனைக் கூறும் லெய்டன் செப்பேட்டில், பெண் யானையை எல்லை வழியே நடத்தி, கல் நட்டு, கள்ளியும் நட்ட செய்தி காணப்படுகிறது. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், இன்ன செடிகளை நடலாம் என்ற உரிமைகளும் அதில் வரிசையாக உள்ளன. அரசன் இசைவின்றி அவற்றைச் செய்தல் இயலாதிருந்தது என்பது இதனால் விளங்கும்.

நம் ஜோகுபாளையத்திற்கு அணித்தேயுள்ள தொம்மலூரின் சொக்கநாதசுவாமி கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவ்வூர் அவற்றில் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் சுட்டப்படுகிறது. பட்டாளத்தோடு தமிழர் இங்கு வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணின் கொடைகள் தமிழில் எழுதப்பட்டன என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

1809ஆம் ஆண்டில் அல்சூரை ஒட்டித் தண்டு எனப்படும் கன்டோன்மென்ட் அமைந்தது. 1881இல் மைசூர் மீண்டும் மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டபோது இப்பகுதி ஆங்கிலேயருக்கு ஒதுக்கப்பட்டது. அதன் ஆட்சியதிகாரத்தை மன்னர் விட்டுக்கொடுத்தார். 1947 ஜூலையில் அது மைசூருக்குத் திரும்பியது. 1949இல் நகரமும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின. மண் ஒன்றே, ஆனால் அதை ஆண்ட சட்டமும் பதிவேடும் மாறிக்கொண்டே வந்தன.

இவற்றினூடே மாறாதது எல்லை விவரமே. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், சொத்தை அடையாளம் காணப் போதிய விவரமில்லாத பத்திரத்தைப் பதிவுக்கு ஏற்கலாகாது என்கிறது. பட்டணத்து வீடாயின், எந்தத் தெருவில் எந்தத் திசையில் உள்ளது, முன்பு யார் குடியிருந்தார், இப்போது யார் இருக்கிறார், இலக்கமிட்ட தெருவாயின் கதவிலக்கம் யாது என்பனவற்றைக் குறித்தல் வேண்டும். நாம் செக்குபந்தி என்று வழங்குவது இதுவே.

பயன்பாட்டிற்கும் கட்டு உண்டு. 1961ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டம் குடியிருப்பு, வாணிகம், தொழில் என இடங்களை வகுக்க வழி செய்தது. 1964ஆம் ஆண்டின் நிலவருவாய்ச் சட்டம் விளைநிலத்தை மனையாக மாற்றுதற்கு டெபுடி கமிஷனரின் இசைவை வேண்டியது. படைத்துறை நிலத்தை அடுத்த மனைகளில் கட்டடம் எழுப்புவதைத் தடுக்கும் அதிகாரத்தை 1903ஆம் ஆண்டின் சட்டமொன்று அரசுக்கு அளித்தது. அல்சூர் ஏரிக்கரையில் சென்னைப் பொறியியற் படைப்பிரிவின் தலைமையிடம் இருத்தலால் இது நமக்குப் புறம்பான செய்தியன்று.

நம்மவர் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஊரில் சென்ட் என்று எண்ணிப் பழகியவர்க்கு இங்குள்ள குண்டா புதிது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு குண்டா 1,089 சதுர அடி. மற்றொன்று, கத்தாவை உரிமைப் பத்திரம் என்று கருதுதல். கத்தா வரி வசூலிப்பதற்கான கணக்கே. அது மட்டும் உடைமையை நிலைநாட்டாது.

பழைய பத்திரங்களில் கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் தோட்டம் என்றிருக்கும். அந்த வீடு கைமாறியிருக்கும், தோட்டம் தெருவாகியிருக்கும். அப்பெயர்க்குரியவர் யார், அத்தோட்டம் எங்கிருந்தது என்பதை அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே கேட்டு எழுதி வைத்தல் நலம். கன்னடத்தில் எழுதிய பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெரியோர்க்குப் படித்துக் காட்டுக. யானை நடந்து எல்லை காட்டிய காலம் போயிற்று. இனி நம் எல்லையை நாமே அறிந்து காத்தல் வேண்டும்.