ஊசியிலிருந்து வாய்மருந்துக்கு

நிமோனியா எனப்படும் நுரையீரல் அழற்சி, பச்சிளங் குழந்தையை ஓரிரு நாள்களிலேயே கொண்டு சென்றுவிடக் கூடியது. 1940ஆம் ஆண்டுகளில் பென்சிலின் புழக்கத்திற்கு வந்தபோது, இந்நோயை எதிர்க்க வலிய படைக்கலம் ஒன்று கிட்டியது. ஆயினும் அது ஊசி வழியே செலுத்தப்பட்டது. ஊசி போட மருத்துவமனை வேண்டும். மருத்துவமனையோ ஏழை நாட்டுச் சிற்றூர்களுக்கு எட்டாத் தொலைவில் இருந்தது.

நோயின் கடுமையை அறிய எக்ஸ் கதிர்ப் படமும் அங்குக் கிடைப்பதரிது. பாப்புவா நியூகினியின் மலைநகரான கொரோக்காவில் பணியாற்றிய மருத்துவர் பிராங்க் ஷானும் அவர்தம் துணைவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி காட்டிற்று. குழந்தையின் மூச்சை எண்ணுக. மூச்சை இழுக்கையில் மார்பின் கீழ்ப்பகுதி உட்குழிகின்றதா என நோக்குக. கண்ணும் கடிகாரமுமே போதும்! இத்தகைய ஆய்வுகளின் துணைகொண்டு உலகச் சுகாதார நிறுவனம் நெறிமுறை வகுத்தது. மார்பு உட்குழியும் குழந்தையை மருத்துவமனையிற் சேர்த்து ஊசி மருந்து செலுத்த வேண்டும் என்பது அதன் விதி.

அவ்விதியைப் பின்பற்ற இயலாத தாய்மார் எத்தனை பேர்! ஊசிக்கு மாற்றாக வாய்வழி மருந்து போதாதா என்னும் வினா இவ்விடத்திற் பிறந்தது. ஊசி போட்டால்தான் நோய் தீரும் என்று நம்புவோர் மலிந்த உலகில், இவ்வாறு வினவுவதற்கே துணிவு வேண்டும்.

எட்டு நாடுகளில் 1,702 குழந்தைகளிடம் நிகழ்ந்த ஒப்பாய்வின் முடிவு 2004இல் வெளிவந்தது. அனைவரும் மருத்துவமனையில் இருந்தனர். ஒரு சாரார்க்குப் பென்சிலின் ஊசி. மறு சாரார்க்கு வாய்வழி அமாக்சிசிலின். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் சிகிச்சை பலிக்காதோர் இரு பக்கமும் நூற்றுக்குப் பத்தொன்பதின்மர். வேறுபாடில்லை என்னும் முடிவு பிற ஆய்வுகளில் ஏமாற்றமாகத் தோன்றலாம். இங்கு அதுவே வெற்றியாயிற்று.

அடுத்து, பாகிஸ்தானில் 2,037 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. மருத்துவமனையில் ஊசியுடன் தொடங்கியோரில் சிகிச்சை பலிக்காதோர் 8.6 விழுக்காடு, வீட்டிலேயே அமாக்சிசிலின் உண்டோரில் 7.5 விழுக்காடு. பதினான்கு நாள்களுள் ஐவர் இறந்தனர். அவருள் நால்வர் மருத்துவமனைப் பிரிவினர், ஒருவரே வீட்டுப் பிரிவினர். எனினும் அம்மரணங்களுக்குச் சிகிச்சை முறை காரணமன்று என்றே ஆய்வாளர் கருதினர்.

2014இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் நெறிமுறையைத் திருத்தியது. மார்பு உட்குழிந்தாலும் வேறு அபாயக் குறிகள் இல்லாத குழந்தைக்கு வீட்டிலேயே அமாக்சிசிலின் தரலாம் என்றாயிற்று. பால் அருந்த இயலாத, வலிப்புக் கண்ட, நினைவு மயங்கிய குழந்தைகளுக்கோ விதி தளரவில்லை. அவர்களுக்கு இன்றும் மருத்துவமனையும் ஊசியுமே வேண்டும். ஆம்பிசிலின் அல்லது பென்சிலினுடன் ஜென்டாமைசின் சேர்த்துச் செலுத்தப்படுகின்றது.