போர்டி கிராமத்து மாண்டிசோரி

மாண்டிசோரி என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது நகரத்து ஆங்கிலவழிப் பள்ளியும் அதன் கட்டணமும்தான். வெளிநாட்டுக் கல்விமுறைகள் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கானவை, நம் ஊருக்கு ஒத்துவராதவை என்ற ஆட்சேபம் இதிலிருந்தே எழுகிறது. இன்றைய நிலைக்கு அது பொருந்தலாம், வரலாற்றுக்குப் பொருந்தாது. 1907-இல் ரோமின் சான் லோரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லமே, பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிக்க ஆளில்லாத ஏழைப் பிள்ளைகளுக்காக உருவானது. இந்தியாவிலும் அந்த முறை ஏழைகளின் முற்றம்வரை போயிருக்கிறது. கொண்டுபோனவர்கள் அதை அப்படியே கொண்டுபோகவில்லை என்பதால்தான் அது சாத்தியமாயிற்று.

பிரம்மஞான சபையின் அழைப்பில் மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்தது 1939 நவம்பரில். அதற்கு 19 ஆண்டுகள் முன்பே, வழக்கறிஞர் தொழிலை விட்டுவந்த கிஜுபாய் பதேகா பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கிவிட்டார். மாண்டிசோரியை அவர் புத்தகத்தின் வழியாகத்தான் அறிந்தார். குழந்தையின் சுதந்திரம், அடியும் மிரட்டலும் இல்லாத வகுப்பு, புலன்களுக்கான பயிற்சி ஆகியவற்றை ஏற்றுக்கொண்டார். கதையில் மட்டும் அவர் வழி வேறு. சிறு குழந்தைகளுக்கு மாயக் கதைகள் வேண்டாம் என்பது மாண்டிசோரியின் நிலை. கிஜுபாயோ குஜராத்தி நாட்டுப்புறக் கதைகளையும் பாட்டையும் நாடகத்தையும் வகுப்பின் நடுவில் வைத்தார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், 1945-இல் மராட்டியக் கடற்கரைக் கிராமமான போர்டிக்குப் போனார். அனுதாயி வாக் அங்கே அவருடன் சேர்ந்தார். விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதில் கூழாங்கல்லும் கிளிஞ்சலும் இலையும் விதையும் வந்தன. பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிச் சேரி முற்றத்திலேயே வகுப்பு நடந்தது. 1957-இல் கோஸ்பாடு மலைக்கு இடம்பெயர்ந்தபின், மாடு மேய்க்கும் வார்லிப் பழங்குடிப் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்துக்கே பள்ளி போனது. இந்த இரு பெண்களின் துணிச்சலுக்கு நம் கல்வி வரலாறு இன்னும் உரிய இடம் தரவில்லை.

இப்படி மாற்றினால் அது மாண்டிசோரி முறையாகவே இருக்காது என்று தூய்மைவாதிகள் சொல்வார்கள். அவர்கள் அச்சத்தில் நியாயம் உண்டு: பெயரை வைத்துக்கொண்டு முறையைக் கைவிட்ட பள்ளிகள் ஏராளம். எதைத் தொட்டார்கள், எதைத் தொடவில்லை என்று பார்த்துத்தான் இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டும். கருவி மாறியது, இடம் மாறியது, நேரம் மாறியது. குழந்தை தன் கையால் செய்து தானே கற்கும் என்ற நம்பிக்கை மாறவில்லை. மாண்டிசோரியும் தம் முறையைத் தனியே படைத்துவிடவில்லை. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக இத்தார், செகன் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் செய்த வேலையிலிருந்து எடுத்து, வேறு குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றியவர் அவர். போர்க்காலத்தில் இந்தியாவில் தங்க நேர்ந்த ஆண்டுகளில், பிறந்தது முதலான பருவத்தின் பக்கமும் அவர் கவனம் ஆழமாகத் திரும்பியது. அந்தச் சிந்தனையைத் தாங்கிய அவருடைய முக்கிய நூல் 1949-இல் அடையாற்றிலிருந்துதான் வெளியானது.

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, தாராபாய் கிராமங்களில் நடத்திக் காட்டிய அங்கன்வாடியின் பெயரையே அரசு எடுத்துக்கொண்டது. சத்துணவும் தடுப்பூசியும் எடைப் பதிவேடும் அதன் முதன்மைப் பணிகளாயின; பசித்த குழந்தைகள் நிறைந்த நாட்டில் அது சரியான முடிவே. ஆனால் கோஸ்பாட்டில் அதிகச் செலவில்லாமல் நடந்த கல்விப் பகுதி பின்வரிசைக்குப் போனதற்கு வறுமையைக் காரணம் சொல்ல முடியாது. ஊழியருக்கு அந்தப் பயிற்சியையும் அதற்கான நேரத்தையும் கொடுப்பது அரசின் கையில்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது.