கறிக்குடல் நஞ்சு கழுத்துக்கு வந்த கதை

இருநூறு வருஷத்துக்கு முன் தெற்கு ஜெர்மனியில், இரத்தம் அடைத்துச் செய்த பன்றிக்குடலைத் தின்றவர்கள் சிலருக்கு இமை தொங்கியது, விழுங்க முடியாமல் போனது, கடைசியில் மூச்சும் நின்றது. யுஸ்டினுஸ் கெர்னர் என்ற வைத்தியர் (கவிஞரும்கூட) அப்படிப்பட்டவர்களைப் பற்றி விடாமல் எழுதிவைத்து, 1822இல் 155 பேரின் விவரத்தோடு நூலாக்கினார். நஞ்சைத் தானே சுவைத்தும் பார்த்தார். உடலை முடக்கும் இதையே துளியளவில் கொடுத்தால், அடங்காமல் ஆடும் உடலை அடக்கலாமே என்று அப்போதே யோசித்தவர் அவர்.

யோசனை சரிதான். எவ்வளவு கொடுப்பது என்பது தெரிய ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. 1895இல் பெல்ஜியத்தில் செத்தவீட்டுக்கு வாசிக்கப் போன பாண்ட்காரர்கள் பன்றித்தொடை தின்று விழ, வான் எர்மெங்கம் அதிலிருந்த கிருமியைக் கண்டுபிடித்தார். 1946இல் அமெரிக்க இராணுவக் கூடத்தில் நஞ்சைப் படிகமாகப் பிரித்தார்கள். பிறகு அதைத் தயாரித்துவந்தவர் எட்வர்ட் ஷான்ட்ஸ். அதை அவரிடம் வாங்கி மாறுகண்ணுக்கு ஊசியாக்கியவர் சான் பிரான்சிஸ்கோ கண் வைத்தியர் அலன் ஸ்கொட். 1979இல் தயாரித்த ஒரே தொகுதி 1997 வரை போதுமாக இருந்தது!

இனிக் கழுத்து. கொழும்பு கொம்பனித்தெருவில் ஒரு கடைக்காரர் தாடையில் விரலை வைத்தபடியேதான் மிச்சக் காசு நீட்டுவார். விரலை எடுத்தால் தலை தானாக இடப்பக்கம் திரும்பிவிடும். சுளுக்கு எடுத்தார்கள், ஓதி நூலும் கட்டினார்கள். கோளாறு கழுத்தில் இல்லை. மூளை தசைக்கு அனுப்பும் கட்டளையில். விரல் பட்டதும் சற்று அடங்குவது, கழுத்துத் தசை தானாக இறுகும் இந்நோயின் அடையாளம்.

குளிசைகள் சிலருக்குக் கைகொடுக்கும். ஆனால் வாய் உலரும், தூக்கம் தள்ளும். 1986இல் வன்கூவர் வைத்தியர்கள் ஸ்கொட்டின் நஞ்சு ஊசியைக் கழுத்தில் சோதித்து, பலனை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். 2000 டிசம்பரில் அமெரிக்கா அதைக் கழுத்துக்கு அனுமதித்தது. நரம்பு முனையில், தசையைச் சுருங்கச் சொல்லும் அசிடைல்கோலின் வெளியேறாமல் தடுப்பதுதான் மருந்தின் வேலை. இடப்பக்கம் திரும்பும் தலைக்கு, வலப்பக்கம் காதுக்குப் பின்னிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் தசையிலும் ஊசி போடவேண்டும். தலையை இடப்பக்கம் திருப்புவதில் அதற்கும் பங்குண்டு. மருந்து கூடினால் சில வாரம் விழுங்கக் கஷ்டம். ஊசிக்கும் அடங்காதவர்களுக்கு மூளைக்குள் மின்கம்பி வைக்கும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது.

ஊசியின் பலன் ஏறக்குறைய மூன்று மாதம். அதற்குள் திரும்பத் திரும்பப் போட்டால் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கி மருந்தை வீணாக்கிவிடலாம். ஆகவே எவ்வளவு கெஞ்சினாலும் வைத்தியர்கள் தேதியை முன்னுக்குக் கொண்டுவருவதில்லை.